கம்போடியாவில் தன்னார்வ ஆங்கில ஆசிரியர்: வகுப்பறை, சாமி, வசதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியா, சிங்கப்பூரிலிருந்தும் கம்போடியாவுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். புறப்படும் முன் விசாவைப் பற்றிக் கேட்பார்கள். திரும்பிய பின் சாமியைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் கேட்பார்கள். இரண்டையும் சேர்த்தே தொகுத்திருக்கிறோம், கேட்டவர்களின் வார்த்தையிலேயே.

ரெண்டு வாரம் லீவு கிடைக்கும். போய்ச் சொல்லிக்கொடுத்துட்டு வரலாமா?

வகுப்பு எடுக்க அது போதாது. முதல் வாரம் பெயர் பழகவே போய்விடும், இரண்டாம் வாரம் பிரிவு விழா. அடுத்த மாதம் இன்னொருவர் வந்து மறுபடியும் "மை நேம் இஸ்" என்று தொடங்குவார். அங்கோர் வாட் இருக்கும் சியம் ரீப் பக்கத்து இலவச வகுப்புகள் சிலவற்றில் பிள்ளைகள் நிறங்களையும் விலங்குகளையும் தாண்டாமல் நிற்பதற்கு இதுதான் காரணம்.

குறைந்தது மூன்று மாதம் வையுங்கள். ஏப்ரல் நடுவில் கெமர் புத்தாண்டு (கெமர் என்பது கம்போடியரின் இனத்துக்கும் மொழிக்கும் பெயர்; நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வரும்), செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில் முன்னோருக்கு உணவு படைக்கும் ப்சும் பென். அந்த நாட்களில் பள்ளி மூடியிருக்கும். இரண்டு வாரம்தான் முடியும் என்றால் பிள்ளைகளிடம் போகாமல் ஆசிரியர்களிடம் போங்கள். பாடநூல் உரையாடல்களை உங்கள் குரலில் பதிவு செய்து கொடுக்கலாம், ஆசிரியரோடு உச்சரிப்புப் பயிற்சி செய்யலாம், கேள்வித்தாள் திருத்தலாம். புகைப்படத்தில் அழகாக வராத வேலைதான். நீங்கள் கிளம்பிய பிறகும் பள்ளியில் தங்குவது அதுதான்.

நான் டீச்சர் இல்ல. ஏதோ ஆங்கிலம் பேச வரும். என்ன சொல்லித் தரப் போறேன்?

தனியாக வகுப்பை ஏற்காதீர்கள். உள்ளூர் ஆசிரியருக்குத் துணையாக நில்லுங்கள்: இலக்கணமும் விளக்கமும் அவர் கெமரில் சொல்லட்டும், பேச்சும் கேட்டலும் உங்களுடையது. போகும் முன் 120 மணி நேர ஆங்கிலம் கற்பித்தல் பயிற்சி ஒன்றை முடித்துவிடுங்கள். ஒரு வகுப்புக்கு எட்டு, பத்துப் புதுச் சொற்களுக்கு மேல் வேண்டாம்.

எங்கே இடறும் என்று முன்பே தெரிந்தால் நல்லது. கெமரில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறாது, பன்மை விகுதியும் கிடையாது. அதனால் "நேற்று நான் போகிறேன்" என்கிற மாதிரி வாக்கியம் ஆங்கிலத்தில் வந்துகொண்டே இருக்கும். சொல்லின் கடைசி மெய்யை விழுங்குவார்கள், 'ரைஸ்' வெறும் 'ரை' ஆகிவிடும். எண்களில் ஆறு என்பது 'ஐந்து-ஒன்று', ஏழு 'ஐந்து-இரண்டு'. எண் சொல்லித்தரும்போது பிள்ளை ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவே தயங்கினால் மந்தம் என்று முடிவுகட்ட வேண்டாம், மனதுக்குள் கூட்டிக்கொண்டிருக்கலாம். கெமர் எழுத்தைக் கொஞ்சமாவது படியுங்கள். பல்லவர் கால எழுத்திலிருந்து கிளைத்தது என்பதால் மெய்யெழுத்தைச் சுற்றி உயிர்க்குறி சேரும் முறை தமிழ் படித்தவருக்குப் பிடிபடும். சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் எழுதுவதுதான் கண்ணைக் கட்டும்.

டூரிஸ்ட் விசாவுல போய்ட்டா என்ன? சம்பளம் வாங்கப் போறதில்லையே?

சம்பளம் இல்லாவிட்டாலும் வேலை வேலைதான். சுற்றுலா விசா 30 டாலர், அதை ஒரு முறை, ஒரு மாதத்துக்குத்தான் நீட்டிக்க முடியும். 'இ' வகை சாதாரண விசா 35 டாலர், அதைத்தான் நீண்ட காலத்துக்கு நீட்டிக்கலாம். பணி அனுமதிக்கு யார் விண்ணப்பிப்பது, யார் கட்டணம் கட்டுவது என்பதை அழைக்கும் அமைப்பிடம் எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க" என்று சொல்லும் அமைப்பு மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் இருக்கும்.

டாலர் நோட்டுகள் கிழிசல், கறை இல்லாமல் இருக்கட்டும், கடையில் வாங்க மாட்டார்கள். தடுப்பூசியில் வெறிநாய்க்கடி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். விகாரை வளாகங்களில் தெருநாய்கள் அதிகம்.

அனாதை இல்லத்துல சொல்லித் தரணும்னு ஆசை. அதுதானே உண்மையான சேவை?

வேண்டாம். கம்போடியாவின் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் நான்கில் மூவருக்கு மேல் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று யூனிசெஃப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. 2005-க்கும் 2010-க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. அந்த ஆண்டுகளில் அனாதைகள் பெருகவில்லை, சுற்றுலாப் பயணிகள் பெருகினார்கள். "படிக்க வைக்கிறோம்" என்று ஏழைக் குடும்பத்திடமிருந்து பிள்ளையைப் பெற்று, வெளிநாட்டார் கண்ணில் படும்படி வைத்து நன்கொடை திரட்டுவது ஒரு தொழிலாகவே ஆனது. இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதும் ஒரு வகை அடிமை முறைதான் என்று ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமை முறைச் சட்டத்தை ஒட்டி ஏற்றுக்கொண்டது.

நல்ல எண்ணத்தோடு நடக்கும் இல்லத்திலும் ஒரு சிக்கல் உண்டு. மாதத்துக்கு ஒரு புதிய அக்கா, புதிய அண்ணன் வந்து மடியில் தூக்கி வைத்துவிட்டுப் போனால், பிள்ளைக்குப் பாசம் என்பது வந்து போகிற சமாச்சாரம் ஆகிவிடும். முன்பின் தெரியாத உங்கள் மேல் முதல் நாளே ஒரு குழந்தை ஓடிவந்து தொற்றிக்கொண்டால் நெகிழ்ந்துபோவோம். அது கவலைப்பட வேண்டிய அறிகுறி. அரசுப் பள்ளி, சமூக நூலகம், விகாரையின் மாலை வகுப்பு என்று, இரவு வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைகள் உள்ள இடமாகத் தேடுங்கள்.

விகாரையில இளம் பிக்குகளுக்கு வகுப்பாம். நான் பெண். எடுக்கலாமா?

தாராளமாக. பிக்குவைப் பெண்கள் தொடக்கூடாது, கைக்குக் கை எதுவும் கொடுக்கக்கூடாது. திருத்திய நோட்டை மேசையில் வைத்தால் அவர் எடுத்துக்கொள்வார். அவர் அருகே பெஞ்சில் உட்கார வேண்டாம், அறையில் தனியாக இருக்கும் நிலையும் வேண்டாம். தோளும் முழங்காலும் மூடிய உடை.

பாடத்திட்டத்திலும் மாற்றம் வேண்டும். ஆடல், பாடல், இசையைத் தவிர்ப்பது அவர்கள் ஏற்ற ஒழுக்கங்களில் ஒன்று. எனவே கைதட்டி ஆடும் ஆங்கிலப் பாட்டுகள் இங்கே உதவாது. பகல் 12 மணிக்குப் பிறகு சாப்பிட மாட்டார்கள். மாலை வகுப்பில் பரிசாக பிஸ்கட் நீட்டினால் தர்மசங்கடம், பேனா கொடுக்கலாம். பிக்குகள் அல்லாத பிள்ளைகளுக்கும் ஒரு விதி: தலையைத் தட்டிக்கொடுக்காதீர்கள். நமக்கு வாஞ்சை, அங்கே தலை தொடக்கூடாத இடம்.

நான் இந்து. அங்கோர் வாட் நம்ம கோயில்தானே? அங்க நம்ம சாமிதானே எல்லாம்?

அங்கோர் வாட் 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்குக் கட்டியது. பின்னாளில் பௌத்தத் தலமானது. மேற்கு வாயிலில் நிற்கும் எட்டுக் கைத் திருமாலை இன்றும் கெமர் மக்கள் 'தா ரீச்' என்ற பெயரில், சிலைக்குக் காவி உடுத்தி, ஊதுபத்தி கொளுத்தி வணங்குகிறார்கள். அவர்கள் பௌத்தர்கள்தான். "இது விஷ்ணு, நீங்கள் தெரியாமல் கும்பிடுகிறீர்கள்" என்று திருத்தப் போகாதீர்கள். "நாங்கள்தான் கட்டினோம்" என்ற பேச்சும் வேண்டாம். அது அவர்கள் தேசியக் கொடியில் இருக்கும் கட்டடம். கட்டியது அவர்கள் முன்னோர்.

ஒற்றுமைகள் நிஜமானவை, அதனால்தான் ஏமாற்றும். ப்சும் பென் வருவது நம் மகாளய பட்சத்தின் அதே தேய்பிறைப் பதினைந்து நாட்களில். ஏழு தலைமுறை முன்னோருக்காக விகாரைக்கு உணவு கொண்டுபோவார்கள், விடியும் முன் இருட்டில் சோற்று உருண்டைகளை வளாகத்தைச் சுற்றி எறிவார்கள். ஊர் எல்லையில், மரத்தடியில் 'நெயக் தா' என்ற காவல் தெய்வம் இருக்கும். நம் எல்லைச்சாமி நினைவுக்கு வருவார். இதையெல்லாம் பார்த்துப் பலர் "எல்லாம் ஒன்றுதான்" என்று முடித்துவிடுகிறார்கள். ப்சும் பென்னில் ஒரு குடும்பம் யாருக்குச் சோறு வைக்கிறது என்று கேட்டால் கதை மாறும். 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் 15 முதல் 20 லட்சம் பேர் இறந்தார்கள். பலருக்கு எங்கே, எந்த நாளில் இறந்தார்கள் என்பதே தெரியாது. திதி தெரியாத பிதுருக்கள் ஊர் முழுக்க. நம் தர்ப்பணத்தோடு ஒப்பிடும் முன் இதை மனதில் வையுங்கள்.

எங்க சபை மூலமா போறேன். வகுப்புல இயேசுவைப் பத்திப் பேசலாமா?

வகுப்பில் வேண்டாம். 1993 அரசியல் சாசனத்தின் 43-ஆம் பிரிவு மத சுதந்திரம் தருகிறது, அதே பிரிவுதான் பௌத்தத்தை அரச மதமாகவும் சொல்கிறது. வீடு வீடாகச் சென்று மதப் பிரசாரம் செய்வதற்கு மத விவகார அமைச்சகம் 2007-இல் தடை விதித்தது. ஞாயிறு ஆராதனைக்கு விரும்பி வருகிறவர் வரலாம், நீங்களும் உங்கள் நம்பிக்கையை மறைக்க வேண்டியதில்லை. "நீங்க எந்த மதம்?" என்று பிள்ளை கேட்டால் நேராகச் சொல்லுங்கள்.

சட்டத்துக்கு வெளியேயும் ஒரு கேள்வி உண்டு. இலவச ஆங்கிலம் ஊரில் ஒரே இடத்தில்தான் கிடைக்கிறது, அங்கே பாடத்துக்கு முன் ஜெபம் என்றால், வருகிற பிள்ளை எதைத் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்ல முடியுமா? ஜெபம் முடிந்த பிறகு வந்தாலும் சேர்த்துக்கொள்வீர்களா என்று உங்கள் சபையிடம் புறப்படும் முன்பே கேளுங்கள். பதில் இழுபட்டால் அந்த வகுப்புக்குப் போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

எனக்குச் சாமி நம்பிக்கையே கிடையாது. மந்திரம் ஓதும்போது நான் என்ன பண்றது?

உட்காருங்கள். பள்ளி விழாவில் பிக்குகள் ஓதும்போது கால் மடக்கி, பாதம் அவர்களை நோக்காமல் அமர்ந்தால் போதும். கும்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. அங்கே கும்பிடுவது வணக்கம் சொல்லும் முறையும்கூட, ஆகவே மாணவர் கைகூப்பினால் நீங்களும் கைகூப்புங்கள்.

பகுத்தறிவு பேசுகிறவர் இடறும் இடம் வேறு. ஒரு மாணவியின் முதுகில், கழுத்தில் நீளநீளமாகச் செந்தடம் தெரியும். அடித்துவிட்டார்கள் என்று பதறிப் புகார் வரை போனவர்கள் உண்டு. பெரும்பாலும் அது 'கோஸ் க்யால்': காய்ச்சலோ உடம்பு வலியோ வந்தால் தைலம் தடவி நாணயத்தால் அழுத்திச் சுரண்டும் வீட்டு வைத்தியம். விலா எலும்பை ஒட்டி ஒரே சீராக இருபுறமும் இருந்தால் அதுவாகத்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் முதலில் உள்ளூர் ஆசிரியரிடம் கேளுங்கள். மூடநம்பிக்கை என்று வகுப்பில் சிரித்தால், அந்தப் பிள்ளையின் பாட்டியைப் பார்த்துச் சிரித்ததாக ஆகும்.

போய்ட்டு வந்தவங்க சிலர் கோயிலுக்கே போறதில்ல, சிலர் பக்தி கூடி வந்துட்டாங்க. எனக்கு என்ன ஆகும்?

அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எங்கே இடிக்கும் என்று சொல்லலாம். முதல் இடம், நன்றி சொல்லும் பிரார்த்தனை. "எனக்கு நல்ல குடும்பம் கொடுத்தாய், குறையில்லாமல் வைத்தாய்" என்று சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகியிருப்போம். நன்றாகப் படித்த ஒரு பிள்ளை பதின்மூன்று வயதில் கட்டட வேலைக்குப் போய், பெஞ்சில் அவள் இடம் காலியாக இருப்பதைப் பார்த்த இரவில் அந்த வாக்கியம் தொண்டையில் நிற்கும். எனக்குக் கொடுத்தவர் அவளுக்கு ஏன் கொடுக்கவில்லை? வினைப்பயன் என்ற பதில் நம்மிடம் தயாராக இருக்கிறது. அதே பதிலை அவள் அம்மாவும் சொல்வார், போன பிறவியில் புண்ணியம் போதவில்லை என்று. அவர் தன்னைப் பற்றிச் சொல்லும்போது அது தாங்கிக்கொள்ள ஒரு பிடி. நீங்கள் அவரைப் பற்றிச் சொன்னால் அது உங்கள் வசதிக்கு ஒரு சமாதானம். ஒரே கோட்பாடு, யார் வாயிலிருந்து வருகிறது என்பதில் வேலை மாறிவிடுகிறது. கிறிஸ்தவர்களுக்கு 'ஆசீர்வாதம்' என்ற சொல்லில் இதே இடி.

இரண்டாம் இடம், தானம். காலையில் பிக்குகள் உணவு ஏற்க வரும்போது பாருங்கள். கொடுப்பவர் செருப்பைக் கழற்றி, தலைகுனிந்து அல்லது மண்டியிட்டுக் கொடுப்பார். பிக்கு நன்றி சொல்ல மாட்டார். ஆசி ஓதிவிட்டு நடப்பார். கொடுக்க ஒரு வாய்ப்புக் கிடைத்ததற்குக் கொடுத்தவர்தான் கும்பிடுவார். "இவ்வளவு செய்தேன், ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை" என்ற மனத்தாங்கல் வந்தால் இதை ஒரு வாரம் தினமும் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். நாங்கள் கேட்டவரையில், ஊர் திரும்பிப் பலர் விட்டது வேண்டுதலை. வழிபாட்டை விட்டவர்கள் குறைவு.

நாங்க சாதாரண மிடில் கிளாஸ். அப்பா லோன் போட்டுத்தான் படிக்க வெச்சார். எனக்கென்ன பெரிய வசதி?

கார், பங்களாதான் வசதி என்றால் உங்களிடம் இல்லைதான். ஆனால் அப்பாவுக்குக் கடன் கொடுக்க ஒரு வங்கி இருந்தது, அது படிப்புக்கான கடன். கம்போடியக் கிராமங்களில் நிலப் பட்டாவை அடகு வைத்து நுண்கடன் வாங்கிய குடும்பங்கள் ஏராளம். தவணை தவறும்போது மூத்த பிள்ளையின் படிப்பு நின்றுவிடும். ஆயத்த ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாத ஊதியம் 2025-இல் 208 டாலர். தன்னார்வப் பயணம் ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள் பலவற்றில் ஒரு மாதக் கட்டணம் இதைவிடப் பல மடங்கு. உங்கள் மாணவனின் அக்கா அந்த ஊதியத்தில் இருக்கக்கூடும்.

இன்னும் பின்னால் போங்கள். உங்கள் பாட்டி, தாத்தா காலத்தில் தமிழ்நாட்டில் காமராசர் ஆட்சியின் மதிய உணவும் ஊருக்கு ஊர் பள்ளியும் வந்தன, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம். இந்த இரண்டுக்கும் நடுவே, எழுபதுகளில், கம்போடியாவில் பள்ளிகளை மூடினார்கள், ஆசிரியர்களைக் கொன்றார்கள். நோம் பென்னின் துவோல் ஸ்லெங் சிறை அதற்கு முன் ஓர் உயர்நிலைப் பள்ளி. இன்று உங்களோடு வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்குச் சொல்லித்தந்தவர்கள், 1979-க்குப் பிறகு மிஞ்சியிருந்த கொஞ்சம் படித்தவர்கள். உங்கள் ஆங்கிலம் உங்கள் உழைப்பு மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நேரான கணக்கு கிடையாது. கடைசியாக, உங்கள் பையில் திரும்பிப் போகும் டிக்கெட் இருக்கிறது. மழைக்காலத்தில் வகுப்பறைக்குள் தண்ணீர் வந்தால் நீங்கள் முன்கூட்டியே கிளம்பலாம்.

அங்க யாரும் என்னை "நீ என்ன ஆளு"ன்னு கேக்கல. அதை எப்படி எடுத்துக்கறது?

இதைச் சிலர் விடுதலையாகச் சொல்வார்கள், சிலர் கவனித்திருக்கவே மாட்டார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்பதே ஊரில் நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டிவிடும். தங்கும் அறையில் உங்களோடு ஊரிலிருந்து வந்த இன்னொருவர் "சொந்த ஊர் எது, எந்தத் தெரு?" என்று ஆரம்பித்தால் கம்போடியாவிலும் அது தொடங்கிவிடும்.

அங்கே தரம் பிரிப்பது வேறு வழியில் நடக்கும். வெளுப்புக்கு மதிப்பு அதிகம், கடை முழுக்க வெளுப்பாக்கும் களிம்பு. கறுத்த பிள்ளையைக் கூட இருப்பவர்கள் 'க்மாவ்', அதாவது கறுப்பு என்று கேலி செய்வார்கள், உங்களையும் சொல்லக்கூடும். ஆங்கில ஆசிரியர் என்றால் வெள்ளைக்காரர் என்று எதிர்பார்த்த பெற்றோர் முகம் சுருங்கலாம், விளம்பரப் பலகையில் உங்கள் படம் இடம்பெறாமல் போகலாம். வலிக்கும். ஆனால் வகுப்பின் பின் பெஞ்சில் இருக்கும் கறுத்த சிறுமிக்கு, ஆங்கிலம் பேசும் கறுத்த ஆசிரியர் ஒருவரைப் பார்ப்பது பெரிய விஷயம்.

ஒரு பையன் நல்லா படிக்கிறான். மாசம் கொஞ்சம் பணம் அனுப்பலாமா?

அவன் கையிலோ அம்மா கையிலோ கொடுக்காதீர்கள். அனாதை இல்லக் கேள்வியில் சொன்ன அதே சூத்திரம் இங்கேயும் வேலை செய்யும்: வெளிநாட்டார் கண்ணுக்குப் பிடித்த பிள்ளைக்குப் பணம் என்று ஊருக்குத் தெரிந்தால், பிடிக்க வைப்பதும் ஒரு வேலையாகிவிடும். பள்ளி மூலமாக, பெயர் சொல்லாமல் கொடுங்கள். சைக்கிள் பழுது, நோட்டு, சீருடை, உயர்நிலைப் பள்ளி தூரம் என்பதால் படிப்பை விடுபவர்களுக்குப் போக்குவரத்து என்று பத்துப் பேருக்குப் போகட்டும். முகம் தெரியும் படங்களைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் புகுந்து யாராவது அப்படிப் படம் எடுத்தால் தலைமையாசிரியர் விடுவாரா?

என் இலவச வகுப்பால உள்ளூர் டீச்சருக்கு நஷ்டம்னு ஒருத்தர் சொன்னார். நெஜமா?

நிஜமாக இருக்கலாம். அரசுப் பள்ளிகள் பலவற்றில் காலை 7 முதல் 11 வரை ஒரு பிரிவு, மதியம் 1 முதல் 5 வரை இன்னொரு பிரிவு. மிச்ச நேரத்தில் அதே ஆசிரியர்கள் காசு வாங்கிக்கொண்டு 'ரியன் குவோ' என்ற கூடுதல் வகுப்பு எடுப்பார்கள். சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாததால் வந்த பழக்கம். காசு கட்ட முடியாத பிள்ளை பின்தங்குவது அநியாயம்தான். நீங்கள் எதிரே இலவச வகுப்பு திறந்தால், காசு கட்ட முடிந்த பிள்ளைகளும் உங்களிடம் வந்துவிடுவார்கள். மூன்று மாதத்தில் நீங்கள் போய்விடுவீர்கள். ஆசிரியர் அதற்குள் வேறு வேலை தேடியிருப்பார்.

இதற்கு முழுத் தீர்வு கிடையாது. நேரம் வைக்கும் முன் அந்த ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் வகுப்போடு மோதாத மணி, கட்ட முடியாத பிள்ளைகள் மட்டும் என்று பட்டியலை அவரே தரட்டும். இரண்டாம் கேள்வியில் சொன்ன துணை ஆசிரியர் முறை இந்தத் தகராறைப் பெரும்பாலும் வரவிடாது.

திரும்பி வந்ததுல இருந்து வீட்டுல எல்லாம் ஆடம்பரமா தெரியுது. அம்மாகிட்ட சண்டைதான்.

ஒன்றிரண்டு மாதத்துக்கு இது சகஜம். கல்யாண வீட்டில் இலையில் மிச்சமாகும் சோற்றைப் பற்றி உபன்யாசம் செய்யாதீர்கள். அம்மா வறுமை அறியாதவர் இல்லை, அவர் தாண்டி வந்ததைத்தான் நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறது என்பது தெரியுமா? தெரியாது என்றால் சண்டையை நிறுத்திவிட்டு அங்கிருந்து ஆரம்பிக்கலாம். உறக்கம் கெட்டு, யாரையும் பார்க்கப் பிடிக்காமல் அதற்கு மேலும் நீண்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மறுபடி வருவேன்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன். போக முடியும்னு தோணல. என்ன செய்யட்டும்?

போக முடியாது என்று ஆசிரியர் மூலமாகச் சொல்லிவிடுங்கள். மௌனமாக மறைந்துபோவதுதான் மோசம். இனிப் போகிறவர்கள் விடைபெறும்போது "வருவேன்" என்ற சொல்லையே தவிர்க்கவும், "இந்த நாளோடு என் வகுப்பு முடிகிறது" என்று ஒரு மாதம் முன்பே கரும்பலகையில் தேதி எழுதிவிடவும்.

ஆசிரியரோடு தொடர்பு வைத்துக்கொள்ளலாம். கம்போடியாவில் எல்லோரும் டெலிகிராமில் இருப்பார்கள், கெமர் தட்டச்சு சிரமம் என்பதால் குரல் செய்திதான் அதிகம். எந்த அலகு நடத்துகிறார் என்று கேட்டு, அந்த உரையாடலை முதலில் மெதுவாகவும் பிறகு இயல்பான வேகத்திலும் படித்து, மூன்று நிமிடத்துக்குள் பதிவு செய்து அனுப்புங்கள். கடைசி மெய்யெழுத்துகளை விழுங்காமல்.